பால்வாடிக்கு வரும் பிள்ளை வீட்டிலிருந்து என்ன கொண்டு வருகிறது: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்க டீச்சர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் புளி தட்டும் சத்தம் தொடங்கிவிடும். ஒருவர் ஓட்டை உடைப்பார், ஒருவர் நாரை உருவுவார், ஒருவர் கொட்டை எடுப்பார். சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு திண்ணையில்தான் என் மையத்துப் பிள்ளை ஒன்றை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன்.

நாலு வயசு. ஆடி கழிந்து சேர்ந்தவள். ஆறு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டுப் பாடினால் வாய் அசையாது. பெயரைக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். “பேச்சுத் தாமதம்” என்று என் நோட்டில் எழுதியே வைத்துவிட்டேன். அன்று எடை பார்க்க அட்டையைக் கொடுக்கப் போனபோது, அவ்வாவின் (தெலுங்கில் பாட்டி) பக்கத்தில் உட்கார்ந்து கொட்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். “ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது...” என்று வாய் ஓயாமல் எண்ணினாள். பத்து ஆனதும் ஒரு கொட்டையை எடுத்துத் தரையில் தனியாக வைத்தாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். தரையில் ஏழு கொட்டைகள் இருந்தன. “ஏழு பத்து ஆயிருச்சு டீச்சர், அவதான் எனக்குக் கணக்குப்பிள்ளை” என்றார் அவ்வா.

என் மையத்தில் பத்து வரை தடுமாறாமல் எண்ணும் பிள்ளைகள் அன்று நாலு பேர்தான். பத்துப் பத்தாகக் கட்டி எண்ணத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதைச் செய்துகொண்டிருந்தவளைத்தான் நான் பேச்சு வராத பிள்ளை என்று எழுதியிருந்தேன். அன்று ராத்திரி அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

அதன் பிறகு மெதுவாக, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அங்கன்வாடி டீச்சர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியார் பள்ளியில் எல்கேஜி, யூகேஜி எடுப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

நம் பக்கத்துக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும்

சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் 1965ல் பிரிந்தது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004ல் பிரிந்தது. கிருஷ்ணகிரியின் ஒரு பக்கம் ஆந்திரா, இன்னொரு பக்கம் கர்நாடகா. சூளகிரி, வேப்பனப்பள்ளி, பேரிகை என்று போனால் வீட்டுக்குள் தெலுங்கு. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கன்னடம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ஓசூர் டவுன் தெருக்களில் உருது. அரூர்ப் பக்கத் தாண்டாக்களில் லம்பாடி. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள், தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் இருளர் குடும்பங்கள். ஓசூர் சிப்காட்டுக்கும் ரோஜாத் தோட்டங்களுக்கும் வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் வேறு. ஒரே பாயில் இருபது பேர் உட்கார்ந்தால் நாலு பாஷை, ஏழெட்டு விதமான வீடு.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ல் தொடங்கியது. அப்போதிலிருந்தே சத்துணவோடு முன்பருவக் கல்வியும் அதன் வேலைகளில் ஒன்று. மாவு, முட்டை, எடை, செல்போனில் பதிவு எல்லாவற்றையும் கணக்காகச் செய்துவிடுகிறோம். பிள்ளையைத் தெரிந்துகொள்வதற்குப் பதிவேடு இல்லாததால் அது மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

முதல் படி: பதினைந்து நாள் பாருங்கள்

புதுப் பிள்ளைகள் வந்ததும் “அ, ஆ” என்று தொடங்கிவிடாதீர்கள். முதல் பதினைந்து நாள் பாட்டு, கதை, விளையாட்டு போதும். அந்த நேரத்தில் உங்கள் வேலை பார்ப்பது. ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள், ஒருவருக்கு ஐந்து நிமிஷம். இருபது பேர் என்றால் ஏழு வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

வந்ததும் எங்கே போய் உட்காருகிறது? முதலில் எதைக் கையில் எடுக்கிறது? அதோடு எவ்வளவு நேரம் இருக்கிறது? யார் பக்கத்தில் போகிறது, யாரைக் கண்டால் விலகுகிறது? ஒரு வேலை வரவில்லை என்றால் என்ன செய்கிறது? விட்டுவிடுகிறதா, வேறு மாதிரி முயற்சி செய்கிறதா, உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

எழுதும்போது பிள்ளை செய்ததை எழுதுங்கள். பிள்ளைக்குப் பேர் வைக்காதீர்கள். “சுட்டி”, “மந்தம்”, “அடங்காதவன்” என்று எழுதிவிட்டால் அப்புறம் நம் கண்ணுக்கு அதுதான் தெரியும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“காலை 10.20. சோளத்தட்டைத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான். இரண்டு தடவை சரிந்தது. மூன்றாம் தடவை கீழே பெரிய துண்டு நாலு வைத்தான். நின்றது. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.”

இந்த ஐந்து வரியில் அந்தப் பையனின் பொறுமை இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது, கனத்தைப் பற்றிய அறிவு இருக்கிறது. தன் வேலையைக் காட்டிக்கொள்ள மாட்டான் என்பதும் இருக்கிறது. அடுத்த வாரம் அவனிடம் என்ன பேசலாம் என்பதற்கு இது போதும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தெரியும். நானும் அதே பதிவுகளைச் செய்கிறவள்தான். ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து, பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் படுத்திருக்கும் நேரத்தில் மூன்று பேருக்கு நாலு நாலு வரி எழுதினால் ஆயிற்று. ஆயாம்மாவையும் கேளுங்கள். கை கழுவும் இடத்திலும் வாசலில் செருப்பு விடும் இடத்திலும் நடப்பது அவருக்குத்தான் தெரியும். “அந்தப் பையன் தெனமும் சின்னப் பிள்ளைங்க செருப்பையும் சேர்த்து ஜோடி போட்டு வைக்கிறான் டீச்சர்” என்று எங்கள் ஆயாம்மா சொல்லித்தான் ஒரு பிள்ளையை எனக்குத் தெரிந்தது. ஜோடி சேர்ப்பது கணக்கின் முதல் படி.

இரண்டாம் படி: வீட்டுக்குப் போங்கள், பதிவேடு இல்லாமல்

வீட்டுப் பார்வை நமக்குப் புதிது இல்லை. ஆனால் நாம் போவதெல்லாம் ஏதாவது சொல்வதற்கு: ஊசி போடுங்கள், கீரை கொடுங்கள், தவறாமல் அனுப்புங்கள். ஒரு தடவை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு தடவை, கேட்பதற்காக மட்டும் போங்கள். சாயங்காலம் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்த பிறகு நல்ல நேரம். காலையில் போனால் அடுப்பும் மாடும் ஒரே சமயத்தில் கூப்பிடும் நேரம், யாரும் பேச மாட்டார்கள்.

“பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று கேட்டால் நூற்றுக்கு நூறு ஒரே பதில்தான் வரும்: “அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர், நீங்கதான் சொல்லித் தரணும்.” மரியாதைக்காகச் சொல்வது அது. கேள்வியை மாற்றுங்கள். “காலைல எந்திரிச்சதும் என்ன பண்ணுவான்?” “உங்களுக்கு எதுல கூடமாட ஒத்தாசையா இருக்கான்?” “யார்கிட்ட ரொம்ப ஒட்டுவான்?” “எதுக்குப் பயப்படுவான்?” “அழுதா எப்படிச் சமாதானம் பண்ணுவீங்க?” “தூங்க வைக்க என்ன பாட்டு?” இப்படிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்து வீட்டில் ஒரு அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “பழம், செங்காய், காய்னு மூணாப் பிரிச்சு கூடைல போட்டுருவான். செங்காய் தூரத்துச் சந்தைக்குப் போறது, பழம் உள்ளூருக்குன்னுகூடச் சொல்லுவான்.” மூன்றரை வயசு. நிறம் பார்த்துப் பிரிப்பதும் அதற்கான காரணம் சொல்வதும் அவனுக்குத் தெரியும். நானோ சிவப்பு அட்டை, பச்சை அட்டை வைத்துக்கொண்டு அவனுக்கு நிறம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் அரிசோனாவில் லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் இதையேதான் செய்தார்கள். மெக்சிகோ வழிக் குடும்பங்களின் வீடுகளுக்கு டீச்சர்கள் மாணவர்களாகப் போனார்கள். விவசாயம், கட்டட வேலை, மூலிகை மருந்து என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைக் குறித்துக்கொண்டு வந்து அதிலிருந்து பாடம் அமைத்தார்கள். கல்லூரி வாசல் மிதிக்காத குடும்பத்திலும் ஒரு அறிவுச் சேமிப்பு இருக்கிறது என்பதை அவர்கள் எழுத்தில் வைத்தார்கள். நம் ஊரில் அதைப் பார்க்க ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் போதும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. சாதி, கடன், அப்பா ஏன் வீட்டில் இல்லை என்பது போன்றவை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நோட்டில் எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: வீட்டு பாஷைக்குப் பாயில் இடம் கொடுங்கள்

நம் மாவட்டங்களில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வேறு பாஷை பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை முதலில் வாயை மூடிக்கொள்ளும். சில வாரம், சிலருக்குப் பல மாதம். அந்த நேரத்தில் பிள்ளை சும்மா இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறது, முகங்களைப் பார்த்து அர்த்தம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது “பேசு, பேசு, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று அழுத்தினால் மௌனம் இன்னும் நீளும். தலையாட்டினாலும் விரல் நீட்டினாலும் பதில் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அந்த பாஷை முழுக்கத் தெரிய வேண்டாம். பத்து வார்த்தை போதும். தண்ணீருக்குத் தெலுங்கில் நீள்ளு, கன்னடத்தில் நீரு, உருதுவிலும் இந்தியிலும் பானி. வா என்பதற்குத் தெலுங்கில் ரா, கன்னடத்தில் பா. வயிறு தெலுங்கில் கடுபு, கன்னடத்தில் ஹொட்டெ, உருதுவில் பேட். தண்ணீர், சாப்பாடு, ஒண்ணுக்கு, வயிற்று வலி, பயம், அம்மா எப்போ வருவாங்க: இந்த ஆறுக்கும் பிள்ளையின் வீட்டு வார்த்தையைச் சேர்க்கும் நாளிலேயே அம்மாவிடம் கேட்டு நோட்டின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். லம்பாடியோ ஒடியாவோ அசாமியோ, எந்த பாஷையாக இருந்தாலும் கேட்டால் சொல்லப் போகிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு “கடுபு” என்று அழும் பிள்ளையை முதல் வருஷத்தில் நான் புரியாமல் ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம் எண்ணும் விளையாட்டு. புளியங்கொட்டைப் பிள்ளை கொடுத்த விளையாட்டு இது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஒரு குச்சிக்கு ஒரு எண்ணாக, முதலில் தமிழில் எண்ணுவோம். பிறகு தெலுங்குப் பிள்ளைகள் தலைமையில் ஒகட்டி, ரெண்டு, மூடு. பிறகு கன்னடப் பிள்ளைகள் தலைமையில் ஒந்து, எரடு, மூறு. ஆறு வரும்போது எல்லாரும் ஒன்றாகக் கத்துவார்கள். ஏனென்றால் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆறு, ஆறுதான். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் எழுந்து நின்று “டீச்சர், எல்லாரும் ஆறுன்னே சொல்றாங்க!” என்றான். அவன் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் மையத்தில் ஆறு என்றால் கைதட்டல். வடக்கிலிருந்து வந்த பிள்ளை சேர்ந்ததும் அவள் ஆறுக்கு இந்தியில் சொல்லும் சே என்ற எண்ணுக்கும் தனியாக ஒரு கைதட்டல் சேர்ந்தது.

கதை சொல்லும்போது முக்கியமான வார்த்தையை இரண்டு பாஷையிலும் சொல்லுங்கள். “நாய் ஓடியது, குக்க ஓடியது.” தெலுங்குப் பிள்ளைக்குக் கதை புரியும், தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை கூடும். வாரத்தில் ஒரு நாள் ஒரு அவ்வாவையோ அஜ்ஜியையோ (கன்னடத்தில் பாட்டி) அழைத்து அவர் பாஷையிலேயே கதை சொல்லச் சொல்லுங்கள். புரியாத பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளை அன்று நடக்கும் நடையே வேறு.

பெற்றோர் பயப்படுவார்கள். “வீட்ல தெலுங்கு பேசறதாலதான் தமிழ் வரலைங்களா? இனிமே தமிழ்லயே பேசறோம்” என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு நன்றாக வரும் பாஷையில் நிறையப் பேசட்டும், கதை சொல்லட்டும். வீட்டு பாஷையில் வேர் பிடித்த பிள்ளை அடுத்த பாஷையைச் சீக்கிரம் பிடிக்கும். இது யாரோ போடும் பிச்சையும் இல்லை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 1956ல் அரசியலமைப்பில் 350அ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். தன் சொந்த மொழியைப் பேசும் உரிமை சிறுபான்மைக் குழந்தைக்கு உண்டு என்கிறது 1989ல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. இந்தியா அதை 1992ல் ஏற்றது. “இங்க தெலுங்கு பேசக் கூடாது” என்று பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நான்காம் படி: வீட்டில் இருக்கும் அறிவைப் பாடத்துக்குள் கொண்டு வாருங்கள்

மாதத்துக்கு ஒரு தலைப்பு நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தலைப்பை மாற்ற வேண்டாம், அதற்குள் வைக்கும் பொருளை மாற்றினால் போதும். விலங்குகள் என்றால் புத்தகத்துச் சிங்கத்துக்கு முன்னால் வீட்டு ஆடு வரட்டும். குட்டி போட்ட ஆட்டைப் பார்த்த பிள்ளை உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளைதான் அன்றைக்கு டீச்சர்.

பூச்சிகள் பற்றிப் பேசிய ஒரு நாள். பட்டுக்கூடு வளர்க்கும் வீட்டுப் பையன், யாரோடும் அதிகம் சேராதவன், எழுந்து வந்தான். “எங்க வீட்ல புழு இருக்கு டீச்சர். அது தலையைத் தூக்கிக்கிட்டே தூங்கும். அப்ப இலை போடக் கூடாது. எந்திரிச்சதும் சட்டை கழட்டிரும், அப்புறம்தான் போடணும்” என்றான். பட்டுப்புழு நாலு தடவை தோல் உரிக்கும். உரிப்பதற்கு முன் தலையைத் தூக்கி அசையாமல் இருக்கும், அப்போது மல்பெரி இலை போட மாட்டார்கள். ஏறக்குறைய 25 நாளில் கூடு கட்டப் போய்விடும். அப்பா செய்வதைப் பார்த்தே இத்தனையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் அவன் அப்பா ஒரு சின்னத் தட்டில் பத்துப் புழுவும் கொஞ்சம் இலையும் கொடுத்தனுப்பினார். இலையைப் புழு கடிக்கும் சத்தத்தைக் கேட்க இருபது பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தார்கள். மழைத் தூறல் மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். யார் எப்போது பக்கத்தில் வரலாம் என்று அந்தப் பையன் வரிசை போட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து விளையாட அவனைக் கூப்பிடாத பிள்ளை இல்லை.

வருஷம் முழுக்க நம் ஊரே பொருள் கொடுக்கும். தை, மாசியில் புளி. எருது விடும் விழாவுக்குப் போய் வந்த பிள்ளைகள் களிமண்ணில் காளை பிடிப்பார்கள், கொம்புக்குக் கட்டிய துணியின் நிறம் வரை சொல்வார்கள். வெயில் காலத்தில் மாங்காய், அதில் பெங்களூராவுக்கும் மல்கோவாவுக்கும் மூக்கு எப்படி வேறுபடும் என்று தோப்பு வீட்டுப் பிள்ளை காட்டும். பாரதக் கூத்து நடக்கும் ஊரில் அடவு ஆடிக் காட்டாத பிள்ளை கிடையாது. ஒகேனக்கல் பக்கம் இருப்பவர்கள் பரிசலைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், வட்டம் என்ற வடிவத்தை அதற்கு மேல் நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது. ராகி, சாமை, அவரை, கொள்ளு என்று நாலு தானியத்தைக் கலந்து பிரிக்கச் சொன்னால் கைவிரலுக்கும் பயிற்சி, கண்ணுக்கும் பயிற்சி.

ஒரு எச்சரிக்கை. கொட்டை, தானியம் எதுவானாலும் மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். வாயிலும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். எண்ணிக்கை சரியாகும் வரை யாரும் எழக் கூடாது என்பதை விளையாட்டாகவே பழக்கலாம். சின்னவர்களுக்குப் பெரிய மாங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: ஒரே வேலைக்கு மூன்று வாசல்

இருபது பேருக்கு இருபது பாடம் எடுக்க யாராலும் முடியாது. ஒரே வேலையை மூன்று அளவில் வையுங்கள். தக்காளி என்றால், ஒருவர் பழத்தையும் காயையும் பிரிக்கட்டும். அடுத்தவர் சின்னதிலிருந்து பெரியதாக வரிசை வைக்கட்டும். மூன்றாமவர் சந்தை நடத்தட்டும், விலை சொல்லட்டும், சில்லறை கொடுக்கட்டும். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று உங்கள் நோட்டு சொல்லும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இங்கே உதவும்: இன்று கொஞ்சம் கைகொடுத்தால் செய்ய முடிகிற வேலையை நாளை பிள்ளை தானே செய்துவிடும். ஏற்கெனவே தெரிந்ததையும் வைக்காதீர்கள், எட்டாததையும் வைக்காதீர்கள். இரண்டு பாஷை தெரிந்த பிள்ளையைப் புதுப் பிள்ளையோடு ஜோடி சேர்த்தால் உங்கள் வேலையில் பாதி குறைந்துவிடும்.

ஆறாம் படி: அம்மா அப்பா ஊரில் இல்லாத பிள்ளைகள்

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று அம்மாவும் அப்பாவும் போய்விடுவார்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கும். இந்தப் பிள்ளைகளிடம் பழைய வார்த்தையும் விடுகதையும் பெரியவர்களை மதிக்கும் பேச்சும் நிறைய இருக்கும். ஆட்டைப் பட்டியில் அடைக்கும், கோழியை எண்ணும், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும். பொறுப்பு அதிகம், அதைப் பொறுப்பு என்றே சொல்லிப் பாராட்டுங்கள். பாவம் பார்க்காதீர்கள்.

“உன் குடும்பத்தை வரை, அம்மா அப்பாவை வரை” என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஒரு பிள்ளை வெள்ளைத் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தது. இப்போது கேட்பது, “உன்னைக் குளிக்க வைக்கிறது யாரு? ராத்திரி பக்கத்துல படுக்கிறது யாரு? அவங்கள வரை.” பாட்டி வரும், நாய்க்குட்டி வரும், சில சமயம் செல்போன் வரும். அந்தச் செல்போனுக்குள் அம்மா இருக்கிறார். மாதம் ஒரு தடவை அம்மாவிடம் ஒரு பாட்டோ நாலு வார்த்தையோ வாய்ஸ் மெசேஜில் வாங்கி, அவர் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பெற்றோர் வந்து திரும்பிப் போன மறு வாரம் பிள்ளை அடிக்கும், கடிக்கும், ஒண்ணுக்குப் போய்விடும். அந்த வாரம் பாடம் இரண்டாம் பட்சம். மடியில் உட்கார வையுங்கள்.

ஏழாம் படி: பிள்ளைகள் எதை வைத்துப் பிரிகிறார்கள் என்று கவனியுங்கள்

சாப்பிடும் வரிசை, தண்ணீர்க் குடம், யார் பக்கத்தில் யார் பாய் என்பதைப் பாருங்கள். நாலு வயசுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது. பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லும். “அவ பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்க” என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். “நம்ம மையத்துல எல்லாரும் எல்லார் பக்கத்துலயும் உக்காருவோம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அன்றாடம் இடத்தை மாற்றி உட்கார வையுங்கள். பாட்டியிடம் நீங்கள் நேரில் பேசுங்கள். இதில் வளைந்து கொடுக்கவே கூடாது என்பது என் உறுதி.

கறுப்பி, குண்டு, இந்திக்காரி போன்ற பட்டப்பெயர்கள் டீச்சர் வாயிலிருந்து வரக் கூடாது. வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்களோ அதை அவர்கள் சொல்வது போலவே சொல்லப் பழகுங்கள். முட்டை சாப்பிடாத வீடு, சில நாள் விரதம் இருக்கும் வீடு என்று இருந்தால் அதை எல்லார் முன்னாலும் கேள்வி ஆக்காதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி. பெண்சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கும் வந்தது. அந்தக் காலம் நமக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. அதனால் பெண்பிள்ளையின் திறமையை அவள் அப்பாவும் தாத்தாவும் கேட்கும்படி வாசலில் நின்று சத்தமாகச் சொல்வேன்: “இன்னிக்கு உங்க பொண்ணுதான் எல்லாரையும்விட உயரமா அடுக்கினா.” கூட்டவும் பாத்திரம் எடுத்து வைக்கவும் பெண்பிள்ளைகளையே கூப்பிடுகிறோமா என்று ஒரு வாரம் நம்மையே கவனித்துப் பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: பாஷை வேறு என்பதையும் வளர்ச்சி மெதுவு என்பதையும் குழப்பாதீர்கள்

நான் செய்த தவறு இதுதான். பேசாத பிள்ளையைப் பார்த்ததும் முதலில் வீட்டில் அதன் பாஷையில் பேசுகிறதா என்று கேளுங்கள். வீட்டில் வாயாடி என்றால் பயம் வேண்டாம், காத்திருங்கள். வீட்டிலும் வயசுக்கு ஏற்ற பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, இருந்த வார்த்தை குறைகிறது, நடையில் தடுமாற்றம் என்றால் காத்திருக்கக் கூடாது. ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013லிருந்து நடக்கும் திட்டம் அது, வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அவர்கள் வரும் நாளுக்குள் உங்கள் நோட்டில் தேதியோடு நாலு குறிப்பு இருந்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி. அவசரம் என்று தோன்றினால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். “வளர வளர சரியாயிடும்” என்று நாமும் சேர்ந்து சொல்லி வருஷத்தை விட்டுவிடக் கூடாது.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளையின் நோட்டுப் பக்கத்திலும் முதல் வரி அதால் முடிவதாகவே இருக்கட்டும். காது கேளாத ஒரு பையன் எங்கள் மையத்தில் படம் பார்த்துக் கதையை வரிசைப்படுத்துவதில் எல்லாருக்கும் முன்னால் இருந்தான். அவனுக்காக நாங்கள் கற்ற கைச்சைகைகளை இப்போது தெலுங்குப் பிள்ளைகளும் இந்திப் பிள்ளைகளும் சேர்ந்து பயன்படுத்துகிறார்கள். சைகைக்கு எந்த வீட்டு பாஷையும் தடை இல்லையே.

ஒன்பதாம் படி: ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பும்போது

நாம் இரண்டு மூன்று வருஷம் பார்த்துச் சேர்த்தது எல்லாம் மே மாதத்தோடு மறைந்துவிடும். ஜூனில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இதைத் தடுக்க ஒரு அரைப் பக்கம் போதும். பிள்ளையின் வீட்டு பாஷை, யாரோடு வளர்கிறது, என்ன நன்றாகச் செய்யும், எதற்கு நேரம் வேண்டும், அழுதால் என்ன செய்வது என்று எழுதிப் பெற்றோருக்குப் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு தொடக்கப்பள்ளி டீச்சர் கையில் நேரில் கொடுங்கள். அந்தப் புளியங்கொட்டைப் பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

“வீட்டில் தெலுங்கு. தமிழ் நன்றாகப் புரியும், இப்போது நாலைந்து வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள், கூட்டத்தில் கேட்டால் பேச மாட்டாள், பக்கத்தில் போய்க் கேட்டால் சொல்வாள். அவ்வாதான் வளர்க்கிறார், கையெழுத்துக்கு அவரைக் கூப்பிடவும். நூறு வரை பத்துப் பத்தாக எண்ணுவாள், கையில் கொட்டையோ கல்லோ இருந்தால் தப்பே வராது. எழுதுவதற்கு அவசரப்படுத்த வேண்டாம், பென்சிலை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். புதுப் பிள்ளை வந்தால் இவள் பக்கத்தில் உட்கார வைக்கவும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று இவளாகவே காட்டிவிடுவாள். அழுதால் காரணம் கேட்க வேண்டாம். ஒரு டப்பாவும் கொஞ்சம் கொட்டையும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பத்து எண்ணி முடிப்பதற்குள் அவளே சொல்லுவாள்.”